கொள்ளுப் பொட்டலத்தோடு பினாங்குக்கு

எங்கள் தோட்டத்து மதுரை வீரன் கோயிலில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. சிமெண்டுக் குதிரை. ஒரு முன்னங்காலைத் தூக்கி, கண்ணை உருட்டி, பல் தெரிய வாயைத் திறந்தபடி நிற்கும். மேலே வீரன், இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு முதலில் அறிமுகமான குதிரை இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கு நாற்பது வயதாகிறது. உயிருள்ள குதிரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்பது என் மகள் கேட்கும்வரை எனக்கே உறைக்கவில்லை.

அவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஒரு பொருள் தரும் பல சொற்கள் என்று பாடம். குதிரை, பரி, புரவி, இவுளி என்று ஒப்பித்துவிட்டு, "இவுளி எப்படிமா கத்தும்?" என்றாள். கனைக்கும் என்றேன். "எங்கே, கனைச்சுக் காட்டுங்க." கனைத்தேன். பக்கத்து வீட்டு ஆடு பதில் கொடுத்தது.

கடலுக்குப் போவதாக இருந்த பள்ளி விடுமுறை அன்றோடு குதிரைப் பயணமாக மாறிவிட்டது. கடலும் வேண்டும், குதிரையும் வேண்டும் என்றால் தீவுதான் சரி. லங்காவியில் லாயம் இருக்கிறது, குதிரை மேலேறி ஊர் சுற்றலாம். ஆனால் அதற்குப் படகு, அறை, நான்கு பேர் செலவு. இந்தோனேசியாவில் லொம்போக் பக்கம் கிலி தீவுகளில் மோட்டார் வண்டியே கிடையாது, 'சிடோமோ' என்ற குதிரைவண்டிதான் டாக்சி. அது இந்த ஜென்மத்தில் பார்க்கலாம். எங்கள் பழைய தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, யாழ்ப்பாணத்து வம்சம். விஷயம் கேள்விப்பட்டதும், "நெடுந்தீவுக்குப் போங்கோ பிள்ளை, அங்க குதிரை கட்டாக்காலியாத் திரியுது" என்றார். போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் இருந்த காலத்துக் குதிரைகளின் வழிவந்தவையாம். அவரும் போனதில்லை, அவர் அப்பா சொன்னது. கடைசியில் இரண்டாம் பாலம் ஏறினால் எட்டிவிடும் பினாங்குத் தீவே போதும் என்று முடிவானது.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, குதிரை என்றதும் முதல் ஆளாகச் சட்டை மாட்டிவிட்டார். எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நம்மோடு எங்கேயும் வர மாட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். காரணம் மறுநாள்தான் தெரிந்தது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று மளிகைக் கடையில் ஒரு கிலோ கொள்ளு வேறு வாங்கிக்கொண்டார்.

வழியெல்லாம் பேச்சுதான். அவர் அப்பா காலத்தில் துரை குதிரையில்தான் காடு சுற்றுவாராம். குளம்புச் சத்தம் கேட்டதும் பால்வாளிகள் தானாக நேராகிவிடுமாம். பிற்பாடு மோட்டார் சைக்கிள் வந்தது, அதற்கும் பிற்பாடு ஜீப். இந்தப் பக்கம் முழுக்க ஒருகாலத்தில் கரும்பு, அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. "நாம குடியிருந்த வரிசை வீடு லயம், குதிரையோடது லாயம். துணைக்கால் ஒண்ணுதான் கூட. ஆனா கூரை நம்ம கூரையைவிட ரெண்டு முழம் ஒசரம்" என்றார். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பாலம் 24 கிலோமீட்டர். பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார் தாண்டியதும் பாலேக் பூலாவுக்கு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ மகள் பசியாறியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

முதலில் தேடிப்போன இடம் பூட்டிக் கிடந்தது. திறந்திருக்கும் என்று கைப்பேசியில் பார்த்துத்தான் போனோம். யாராவது கிளம்புவதாக இருந்தால் ஒரு போன் அடித்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னொரு லாயம் வயலோரத்தில் இருந்தது. காரை விட்டு இறங்கும்போதே மணம் வந்துவிட்டது. மாட்டுக் கொட்டகை மணம் மாதிரி இல்லை. ஈர வைக்கோல், வியர்வை, பழைய தோல் பெல்ட் மூன்றும் சேர்ந்த மாதிரி ஒன்று. ஒவ்வொரு அறையிலும் ஒரு மின்விசிறி. எங்கள் வீட்டு வரவேற்பறையைவிடக் காற்றோட்டமாகத்தான் இருந்தது.

ஒரு குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துவிட்டு, வளைந்த ஒரு தகடால் உடம்போடு வழித்து எடுத்தார் ஒரு மலாய்க்கார அண்ணன். நம்மைப் போலவே உடம்பு முழுக்க வியர்க்கும் பிராணி அது. சேணம் இருந்த இடத்தில் சோப்பு மாதிரி வெள்ளை நுரை கட்டியிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு இப்படிச் செய்யாவிட்டால் தாங்காது என்றார்.

மாமா பெருமையோடு பொட்டலத்தைப் பிரித்தார். அந்த அண்ணன் இரண்டு விரலால் கொள்ளைக் கிள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். குதிரைக்குக் கொள்ளு கொடுக்கக்கூடாதாம்! தமிழில் குதிரை இருக்கும் இடத்தில் கொள்ளு இல்லாத பழமொழியே கிடையாதே என்று மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு அந்த அண்ணன் விளக்கினார்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வந்த வழியே திரும்பாது. வயிற்றுவலி வந்தால் உயிரே போய்விடும். அதனால் பழக்கமில்லாத தீனி எதுவும், யார் கொடுத்தாலும், கிடையாது. மகள் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் மலைப்பாதையில் பட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பாவம்மா" என்றாள்.

கேரட் துண்டுகள் அவர்களே விற்கிறார்கள், ஒரு கிண்ணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து நீட்ட வேண்டும். விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தால் கேரட் எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது. முகத்துக்கு நேர் முன்னால் இருப்பது கண்ணுக்குச் சரியாகப் படாதாம், உதட்டால்தான் தடவித் தெரிந்துகொள்ளும். அந்த மேல் உதடு இருக்கிறதே, அது உதடே இல்லை, ஒரு கை. வெல்வெட் துணி மாதிரி வந்து உள்ளங்கையைத் துழாவி, கேரட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனது. என் கையில் எச்சிலும் வைக்கோலும். நாற்பது வருடத்துக் கணக்கு அதோடு தீர்ந்தது.

அப்புறம் அந்த அண்ணன் ஒரு காரியம் செய்தார். குதிரையின் தோளில் சாய்ந்தபடி முன்னங்காலைக் கீழிருந்து தடவ, அது தானாகக் காலைத் தூக்கிக் கொடுத்தது. காலை மடியில் வாங்கி, கொக்கி மாதிரி ஒரு இரும்பால் குளம்புக்குள் அடைத்திருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார். சுற்றிலும் லாடம். நடுவில் முக்கோணமாக, மிருதுவாக ஒரு பகுதி. தொட்டுப் பார்க்கச் சொன்னார். மாமா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பால் காஞ்ச மாதிரியே இருக்கு" என்றார். கோபம் அங்கே ஆறிவிட்டது. ஒரு காலுக்கு ஒரே நகம், அந்த ஒரு விரலில்தான் இவ்வளவு பெரிய உடம்பும் நிற்கிறது என்று மகளிடம் அண்ணன் தன் நடுவிரலை நீட்டிக் காட்டினார். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் மட்டக்குதிரையில் மூன்று சுற்று வந்தாள். என்னையும் ஏறச் சொன்னார்கள். எடை எவ்வளவு என்று கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அங்கிருந்து தித்தி கெராவாங் வழியாக, டுரியான் கடைகளைக் கண்ணால் மட்டும் தின்றுவிட்டு, பத்து ஃபெரிங்கி. கடற்கரையில் குதிரைச் சவாரி உண்டு, படம் எடுக்க அருமையான இடம். நாங்கள் பார்த்த குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சுடுமணலில் நின்றது. காலையில் மின்விசிறிக்கு அடியில் நின்றதைப் பார்த்துவிட்டு வந்த மகள், ஏற மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. எல்லாக் குதிரைக்காரரும் அப்படி இருக்கமாட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் காதையும் விலாவையும் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மறுநாள் கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, ரயிலில் போனோம். 1923-இல் ரயில் வருவதற்கு முன்னால் துரைமார்கள் மட்டக்குதிரையில் ஏறிப்போவார்கள், குதிரை ஏறாதவர்களை நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிப்போவார்கள். இதைத் தவிர மேலே குதிரை சம்பந்தமாக எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. பனிமூட்டம் நன்றாக இருந்தது.

இறங்கியதும், "பத்து கந்தோங் பக்கம் விடு" என்றார் மாமா என் கணவரிடம். அப்போதுதான் விளங்கியது. அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது லாயம் அல்ல, குதிரைப் பந்தயத் திடல்.

பினாங்கு டர்ஃப் கிளப் 1864-இல் ஆரம்பித்தது. முதலில் மெக்காலிஸ்டர் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பந்தயம் 1939-இல் இந்த இடத்துக்கு வந்தது. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நான்கு ஊரிலும் முறைவைத்துப் பந்தயம் நடந்துவந்தது. பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த குதிரைகள் லாரியில் ஊர் ஊராகப் போய்வந்தன. கோலாலம்பூரின் பழைய திடல் இருந்த இடத்தில் இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிறது. சிங்கப்பூரில் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் முடிந்தது. பினாங்கில் 2025 மே மாதக் கடைசியில். மீதி இருப்பவை ஈப்போவும் கோலாலம்பூரும்தான்.

மாமா இளவட்டமாக இருந்தபோது சம்பளம் போட்ட வாரம் இரண்டு கூட்டாளிகளோடு பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து இங்கே வருவாராம். குதிரையின் பெயர் வாயில் நுழையாது. தான் பால் வெட்டும் மர வரிசையின் நிரை எண் ஏழு என்பதால் எப்போதும் ஏழாம் நம்பர் குதிரைதான். "காலையில பரி, சாயங்காலம் நரி" என்று மாணிக்கவாசகர் கதையை ஒரே வரியில் தன் சம்பளத்துக்குப் பொருத்திச் சொன்னார். ஒரே ஒரு தடவை ஏழு ஜெயித்தது. அந்தப் பணத்தில் அத்தைக்கு ஒரு புடவை. தோற்ற கதைகள் அத்தை காதுக்கே போனதில்லை. என் வழியாகவும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

வெளியே நின்றுதான் பார்த்தோம். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குதிரை ஓடும்போது சத்தம் காதில் கேட்காது, காலுக்கடியில் தரையில்தான் கேட்கும் என்றார். மகள் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்த ஒரு கிலோ கொள்ளைப் பார்த்துவிட்டு யாருக்கு இது என்றார். நமக்குத்தான் என்றார் மாமா. மூன்று நாள் கொள்ளு ரசம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். மகள் வீரனைக் கும்பிடவில்லை. நேராகக் குதிரையிடம் போய், தூக்கியிருந்த முன்னங்காலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். "அம்மா, இங்க வாங்க!" எத்தனையோ வருடம் சூடம் ஏற்றிக் கும்பிட்ட குதிரை, நான் ஒருநாளும் கவனித்ததில்லை. குளம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. நான்கு காலிலும் மாட்டுக் குளம்பு.

பூசாரித் தாத்தா வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரும் குனிந்து பார்த்தார். இதைக் கட்டியது நம் தோட்டத்துக் கொத்தனார்தான், அவனுக்குத் தெரிந்தது கொட்டகை மாடு, அதைப் பார்த்துச் செய்திருப்பான் என்றார். அடுத்த வருடம் சாயம் பூசும்போது சரிபண்ணச் சொல்கிறேன், எப்படி இருக்கணும், நீ வரைஞ்சு கொடு என்று அர்ச்சனைச் சீட்டு ஒன்றைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். அவள் படியில் உட்கார்ந்து முதலில் ஒரு வட்டம் போட்டாள், அதற்குள் முக்கோணம். பிறகு பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, "லாடமும் போடணுமா தாத்தா?" என்று கேட்டாள்.