மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் விடியும்வரை பார்க்க வேண்டாம்

மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், காட்டினால் அது ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய காய்ச்சல். இரவு என்றாலும்தான். மட்டக்களப்புப் பக்கம் சிறுபிள்ளை வாட்டில் தாதியாக இருக்கும் நான் இதைத் தாய்மாரிடம் ஓயாமல் சொல்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அநேகமான பிள்ளைகளுக்கு வைரஸ்தான், தானாக மாறும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு பக்டீரியாக் கிருமி பிடித்திருக்கும்: பெரும்பாலும் சிறுநீரில், அதைவிடக் குறைவாக இரத்தத்தில், மிகச் சிலருக்கு மூளைக்காய்ச்சலாக. அந்த ஒரு பிள்ளை எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது, பால் குடித்துக்கொண்டு நல்லாத்தான் கிடக்கும். சிலதுக்குக் காய்ச்சலே காட்டாமல் உடம்பு குளிர்ந்து சோர்ந்துபோகும், அதுவும் இதே அளவு அவசரம்.

அதனால்தான் டொக்டர்மார் முதலில் வயதைக் கேட்கிறார்கள். 21 நாளுக்குள் என்றால் பேச்சே இல்லை, இரத்தம், சிறுநீர், முள்ளந்தண்டு நீர் மூன்றும் எடுத்து, ரிசல்ட் வருமுன்னரே அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள். ஒரு மாதம் தாண்டிய பிள்ளை தெளிவாக இருந்து, சிறுநீரும், சிஆர்பி என்ற அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையும், வெள்ளணுக் கணக்கும் சரியென்றால் முள்ளந்தண்டு ஊசியைத் தவிர்க்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகடமியின் 2021 வழிகாட்டலும் 8 முதல் 60 நாள் வரையான பிள்ளைகளை மூன்று வயதுப் பிரிவாக்கித்தான் பார்க்கிறது.

அந்த ஊசி என்றதும் அம்மம்மாமார் எழும்பிவிடுவார்கள். "வேணாம் மிஸ்ஸி, புள்ளைக்கு இடுப்பு விளங்காமப் போயிரும்." பயம் நியாயம்தான், ஆனால் ஊசி போவது முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, முடிகிற இடத்துக்குக் கீழே, அங்கே நீரும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. பிள்ளையை இறால் மாதிரி வளைத்து ஒருவர் அசையாமல் பிடிக்க, சொட்டுச் சொட்டாக விழும். கலங்கலாக விழுந்தால், மூளைக்காய்ச்சலோ என்று லாப் சொல்லுமுன்னரே எங்களுக்கு நெஞ்சு பதைக்கும். இந்தச் சோதனையை மறுத்துக் கையெழுத்து வைக்குமுன் தயவுசெய்து டொக்டரிடம் இன்னொரு தரம் கேளுங்கள்.

சிறுநீரையும் சின்னக் குழாய் போட்டுத்தான் எடுப்போம், பை ஒட்டிப் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வளர்ந்து குழப்பிவிடும்.

வீட்டில் பனடோல் கொடுத்துவிட்டு இறங்குதா என்று பார்த்திருக்காதீர்கள், உரைமருந்தும் வேண்டாம். தேமோமீட்டர் காட்டிய எண்ணையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கார்டோடு வாருங்கள். வாட்டுக்கு வரும்போது சூடு இறங்கியிருந்தாலும் வீட்டில் பார்த்த அந்த 38ஐக் காய்ச்சலாகவே எடுப்போம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.