ஊசி குத்தியதைச் சொல்ல முடிகிற வார்டு

மருத்துவமனைப் பணியாளர்களுக்கு எச்.ஐ.வி. பற்றி வகுப்பெடுக்கச் சொன்னால் பலரும் வைரஸிலிருந்து தொடங்குவார்கள். நான் குப்பைப் பையிலிருந்து தொடங்குகிறேன். செவிலியராக இருந்து தொற்றுத் தடுப்புப் பணிக்கு வந்தவள் நான். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று சிறிய, நடுத்தர மருத்துவமனைகளுக்குப் போய்ப் பாடம் நடத்துவது பல ஆண்டுகளாக என் வேலை. எங்கே போனாலும் மருத்துவர்களும் செவிலியர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். தூய்மைப் பணியாளர்கள் கதவோரம் நிற்பார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் துடைப்பத்தோடு போய்விடுவார்கள். அவர்களை முன்னால் உட்கார வைத்த பிறகே பேச ஆரம்பிப்பேன். ஊசி போடுகிறவருக்கு அது தன் கையில் இருப்பது தெரியும். பையைத் தூக்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

ஒரு தனியார் மருத்துவமனையில் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தபின், தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் என்னோடு படியிறங்கி வந்தார். "சிஸ்டர், சும்மா கேட்கிறேன். பையிலிருந்து ஊசி குத்தினால் உடனே மாத்திரை சாப்பிட வேண்டுமா?" சும்மா கேட்கவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. மாடியிலிருந்து பையை இறக்கும்போது அது ஒவ்வொரு படியிலும் காலில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே யாரோ போட்டுவிட்ட ஊசி, பிளாஸ்டிக்கைத் துளைத்துக் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. குழாயடியில் காலைக் கழுவிவிட்டு மீதி வார்டுகளையும் பெருக்கி முடித்திருக்கிறார். நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஒப்பந்தக்காரர் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார் என்றார். பிறகு சற்று நின்று, "அந்த ரூமில் இருந்தவரை இங்கே எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தேனே, சிஸ்டர்" என்றார்.

அந்த அறையில் இருந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தது. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். தட்டு தனி, டம்ளர் தனி. ட்ரிப்ஸ் மாற்றப் போகிறவர்கள் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, வாசலில் நின்றே பேசியிருக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு தரை துடைத்தவர், தன் காலில் ஊசி ஏறியதை எந்த நம்பிக்கையில் போய்ச் சொல்வார்?

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்துக்கு அவரை அழைத்துப் போனேன். பரிசோதனை முடிவு அவருக்குச் சொந்தமானது. அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அவர் சொன்ன பதில் என் பாடத்தையே மாற்றியது. நோயாளியை ஒதுக்குகிற வார்டில், ஊசி குத்திய பணியாளர் வாய் திறக்கமாட்டார். இங்கே வாய் திறக்காமல் கழிகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் தடுப்பு மருந்தை, ஊசி குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகளையும் தினமும் விடாமல் 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. அவருக்குத் தொற்று இல்லையென்று தெரிந்தால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

பயத்தைக் குறைக்க எண்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும், எச்.ஐ.வி. வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று. ரத்தம் கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அதைவிடக் குறைவு, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆழமான காயம், ரத்தம் தெரியும் ஊசி, ரத்தக்குழாயில் போட்டு எடுத்த குழல் ஊசி, சிகிச்சை எடுக்காத நோயாளி என்றால் ஆபத்து கூடும். வியர்வையிலோ கண்ணீரிலோ தொற்று வராது. தனித் தட்டும் தனி டம்ளரும் யாரையும் காப்பாற்றியதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, அதற்காக நான் வருந்துவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கதை வேறு. தடுப்பூசி போடாதவருக்கு அதே ஊசிக்குத்தில் நூற்றில் முப்பது பேர் வரை தொற்றக்கூடும். எச்.ஐ.வி. என்றால் நடுங்குகிறவர்களில் எத்தனையோ பேர் அந்த மூன்று தவணைத் தடுப்பூசியை முடித்திருக்கமாட்டார்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

செவிலியர்களுக்கு ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுப்பேன். மூடியைக் கழற்றி, ஊசிக்கு மூடி போடுவதுபோல் வேகமாகத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன். பின்னாலிருந்து ஒருவர் "சிஸ்டர், பத்தாம் பெட்டில் ட்ரிப்ஸ் முடிந்துவிட்டது!" என்று கத்த வேண்டும். தலை திரும்பும், கை நிற்காது. கொஞ்ச நேரத்தில் இடது ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும். கை ராசி உள்ளவர் என்று பெயரெடுத்த மூத்த செவிலியர்களின் விரலிலும் விழும். ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது என்று அதற்குப் பிறகு நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஊசியை அங்கேயே, படுக்கைக்குப் பக்கத்திலேயே, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் அதுதான். பெட்டி வராந்தாவின் கோடியில் இருந்தால் ஊசி பைக்குள்தான் போகும், அந்தப் பை யாருடைய காலிலோ இடிக்கும்.

குத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், விரலைப் பிதுக்கிக் காட்டுவார்கள். சிலர் வாயில் வைப்பார்கள். ஸ்பிரிட் பஞ்சை அழுத்துவார்கள். மூன்றும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்; கண் என்றால் வெறும் தண்ணீர். கழுவிய கையோடு பொறுப்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

"எங்களிடம் எச்.ஐ.வி. கேஸ் வருவதில்லை" என்று சில நிர்வாகிகள் பெருமையாகச் சொல்வார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டு நள்ளிரவில் ஸ்ட்ரெச்சரில் வருகிறவரின் நெற்றியில் ஏதாவது எழுதியிருக்குமா? வலியெடுத்துக் கடைசி நிமிடத்தில் பிரசவ அறைக்கு வருகிற பெண்ணிடம் ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? கேஸ் ஷீட்டில் சிவப்பு மை எழுதி நம்மைக் காத்துக்கொள்ளலாம் என்பது பொய்யான தைரியம். எழுதாத நூறு பேரிடம் அது நம்மை அசட்டையாக்கிவிடுகிறது. எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி கையாள்வது ஒன்றே வழி.

வேலூரில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். 1986-இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், ரயிலேறிக் காட்பாடி வழியாக இங்கே சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்குத்தான் வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். கையுறைகூட இல்லாமல் அந்த ரத்தத்தை எடுத்தவர் நிர்மலா. அன்று தடுப்பு மருந்தும் கிடையாது. இன்று பெட்டி நிறையக் கையுறை இருக்கிறது, மருந்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, பாதுகாப்பு உபகரணங்களும் பயிற்சியும் ஊசிக்குத்துக்குப் பிந்தைய மருந்தும் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை. தொற்றைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ, அதை வெளியே சொல்லவோ கூடாது. தமிழில் இதை வாசித்துக் காட்டும்போது, முன்வரிசையில் இருக்கும் அக்காக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தங்களுக்கும் சேர்த்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

இப்போது வகுப்பு முடிந்ததும் நிர்வாகியிடம் நேராகவே சில கேள்விகள் கேட்கிறேன். மருந்தின் முதல் வேளை இரவு இரண்டு மணிக்கு யாரிடம் கிடைக்கும்? அலமாரிச் சாவி யாரிடம்? ஒப்பந்தப் பணியாளருக்கும் அதே மாத்திரையா? ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துச் செய்ய வேண்டிய பரிசோதனைகளுக்கு அந்த அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, எதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறார்களா? சில இடங்களில் பதில் உடனே வருகிறது. சில இடங்களில் மேலாளர் ஃபோனை எடுத்து வெளியே போகிறார். அங்கெல்லாம் அடுத்த வகுப்புக்கு நானே தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.