டாக்டர், சீக்கிரம் எழுப்பி விடுங்க, பேங்க் கொள்ளைக்குப் போகணும்

லாஸ் சாண்டோஸ் நகரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காய்ச்சல், சளி என்று யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. எல்லோருக்கும் ஒரே வியாதிதான்: "விழுந்துட்டேன் டாக்டர்." நெஞ்சில் மூன்று குண்டு, தொடையில் கார் பம்பர் பதிந்த தடம், முதுகில் கத்திக்குத்து. எப்படி என்று கேட்டால் மாடிப்படியில் கால் வழுக்கிவிட்டதாம்.

இந்த ஊர் இருப்பது ஜிடிஏ ஃபைவ் வீடியோ கேமில். அதை ஃபைவ்எம் என்ற மோட் வழியாக, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ரோல்ப்ளே ஆடும் சர்வர்களில், தமிழ் சர்வர்கள் உட்பட, ஈஎம்எஸ் என்ற ஆம்புலன்ஸ் டாக்டர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். போலீஸ் ஆனால் துப்பாக்கி, கேங்கில் சேர்ந்தால் பணம், மெக்கானிக் ஆனால் ஊரில் உள்ள நல்ல கார் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். டாக்டருக்குக் கிடைப்பது கையுறையும் ஏச்சும்.

வேலை என்று பார்த்தால் ஒரு நிமிஷத்துக்கு உள்ளேதான். கீழே கிடப்பவர் பக்கத்தில் போய் ரிவைவ் கொடுத்தால் எழுந்துவிடுவார். ஆட்டத்தின் கணக்கில் ஆண் பாத்திரத்தின் முழு உடல்நலம் 200, உயிர் போகும் இடம் 100. அதாவது இந்த ஊரில் நூறு எடுத்தால் ஃபெயில். அந்த நூறிலிருந்து ஆளை மேலே ஏற்றுவது கணினியின் வேலை. அதைச் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தியம் என்று நம்பும்படி ஏதாவது நடத்துவதுதான் டாக்டரின் வேலை. சிக்கல் என்னவென்றால், நோயாளிக்கு அந்த ஐந்து நிமிஷம் இருப்பதே இல்லை.

முதலில் கடிகாரம். சர்வர்கள் ஓடும் அடித்தள மென்பொருள்களில் க்யூபிகோர் ஒன்று, ஈஎஸ்எக்ஸ் இன்னொன்று. க்யூபிகோர் சர்வரில் யாரும் கை வைக்காத அமைப்பு என்றால், அடிபட்டவர் முதலில் கடைசி மூச்சு நிலையில் 360 நொடி கிடப்பார். அதற்குள் யாரும் வராவிட்டால் மரண நிலை, இன்னொரு 300 நொடி. அதுவும் முடிந்தால் ஈ பட்டனை அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழிக்கலாம், பில் 2000 டாலர். ஈஎஸ்எக்ஸ் சர்வரில் கணக்கு வேறு: ஒரு நிமிஷத்திலேயே எழும் வாய்ப்பு வரும், ரத்தம் வடிந்து முடிய 10 நிமிஷம், ஒருவரைக் காப்பாற்றினால் டாக்டருக்கு 700 டாலர். ஒவ்வொரு சர்வரும் இந்த எண்களை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் என்பதால் வேலையில் சேர்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அந்த 700 டாலரை அப்படியே விட்டுவைத்த சர்வரில் இரண்டு நண்பர்கள் ஆஸ்பத்திரிப் பின்பக்கம் மாறி மாறிச் சுட்டுக்கொண்டு, டாக்டர் நண்பர் மாறி மாறி எழுப்பிக்கொண்டு, மூன்று பேரும் குடும்பத்தோடு பணக்காரர் ஆவார்கள். அட்மின் பார்த்தால் மூன்று பேருக்கும் ஒரே பில்.

அடுத்து அழைப்பு. லீஜியன் ஸ்கொயரில் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று வரும். பில்பாக்ஸ் ஹில் ஆஸ்பத்திரியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான், ஆனாலும் சைரன் போட்டுத்தான் கிளம்புவார்கள். இங்கேதான் முதல் தப்பு. சைரன் கேட்டதும் ஆட்டத்தின் கார்கள் ஒதுங்கப் பார்க்கும். அதில் பாதி, ஆம்புலன்ஸ் முந்திப் போக நினைத்த பக்கமாகவே ஒதுங்கும். சந்திப்புகளில் சைரனை ஓடவிட்டுக்கொண்டே வேகத்தைப் பாதியாக்குவதுதான் பிழைக்கும் வழி. ஒரு நோயாளியை எடுக்கப் போய் மூன்று நோயாளிகளை உருவாக்கிவிட்டு வந்த ஆம்புலன்ஸ்கள் ஏராளம். வண்டியால் ஆளை அடித்தால் விடிஎம் என்று புகார் வரும். சிவப்பு விளக்கு சுழன்றது என்பதெல்லாம் அங்கே சாக்கு ஆகாது.

சம்பவ இடத்துக்கு 50 மீட்டர் முன்னாலேயே நிறுத்தி, ரேடியோவில் போலீஸைக் கேட்க வேண்டும்: இடம் பாதுகாப்பா? பதில் வராமல் இறங்கினால் இரண்டாவது நோயாளி நீங்கள்தான். சுட்டவர் பெரும்பாலும் எதிர் மாடியில்தான் நிற்பார், ரிவைவ் ஆகும் வரை பொறுமையாகக் காத்திருப்பார், எழுந்ததும் மறுபடி சுடுவார். டாக்டர் நடுவில் குனிந்திருப்பதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

இப்போது வைத்தியம். அது சாட்டில் தட்டும் இரண்டு கட்டளைகளில் நடக்கும். /மீ என்றால் நீங்கள் செய்வது, /டூ என்றால் கண்ணுக்குத் தெரிவது அல்லது எதிராளியிடம் கேட்பது. புதிதாகச் சேர்ந்தவர் இப்படித் தட்டுவார்: "/மீ வயிற்றைக் கிழித்து, குண்டை எடுத்து, தையல் போட்டு முடிக்கிறார்." நடு ரோட்டில், மழையில், ஒரே வரியில். இது பவர்கேமிங். அடுத்தவர் உடம்பில் என்ன நடந்தது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

சரியான முறை கேள்வியாகப் போகும். "/மீ சட்டையைக் கத்தரித்துக் காயத்தைப் பார்க்கிறார்." "/டூ குண்டு வெளியேறிய ஓட்டை முதுகில் இருக்கா?" நோயாளி "/டூ இல்லை" என்று போட்டால் குண்டு உள்ளேதான், அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். "/டூ இருக்கு" என்றால் இரண்டு பக்கமும் அழுத்திக் கட்டிவிட்டு வண்டியில் ஏற்றலாம். சில நோயாளிகள் ராக்கெட் நேராக மேலே விழுந்த பிறகும் "/டூ சின்னக் கீறல்தான்" என்று போடுவார்கள். அவருக்குத் தடுப்பூசி ஒன்றைப் போட்டு அனுப்புவதைத் தவிர வழியில்லை.

வரிசையில் ரத்தம்தான் முதல், பிறகு மூச்சுப் பாதை, மூச்சு, நாடி. கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்தால் டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செமீ தள்ளி, மூட்டின் மேல் வராமல் போட வேண்டும், போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் குண்டு பட்டவருக்கு டூர்னிகே போட்டதாக /மீ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வைத்தியம் இல்லை, கொலை.

எண்களையும் வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. பெரியவர்களுக்கு நாடி 60 முதல் 100, ரத்த அழுத்தம் 120/80 ஒட்டி, மூச்சு 12 முதல் 20, ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல். ரத்தம் நிறையப் போனவருக்கு நாடி ஏறும், அழுத்தம் இறங்கும்: 130, 80/50 என்று போட்டால் படிப்பவருக்கு வயிறு கலங்கும். லிட்டர் கணக்கில் ரத்தம் சிந்தியவருக்கு 200/120 என்று அறிவித்தால், பக்கத்தில் நிற்கும் நிஜ நர்ஸ் ஒருவர் ஓஓசியில், அதாவது பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, சிரிப்பார். எந்த சர்வரிலும் நிஜ நர்ஸ் ஒருவராவது எப்படியோ இருந்துவிடுகிறார். நோயாளிக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோலில் ஜீரோ என்று சொல்வது இன்னொரு வழக்கம். அதில் குறைந்தபட்சமே மூன்று, பிணத்துக்கும் மூன்று உண்டு.

சிபிஆர் தனிக் கதை. ரிவைவ் செய்யும்போது ஓடும் அனிமேஷன் அதுதான் என்பதால், கால் முறிந்தவருக்கும் நெஞ்சில்தான் அழுத்துவார்கள். நோயாளி "ஐயோ கால் டாக்டர், கால்" என்று கத்திக்கொண்டே அழுத்து வாங்குவார். நாடி இல்லாதவருக்கு மட்டும் 30 அழுத்து, 2 மூச்சு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம் என்று எழுதுங்கள். திரையில் நேர்கோடு ஓடுகிறது என்றதும் ஷாக் கொடுக்கும் பழக்கம் சினிமா கொடுத்தது. நேர்கோட்டுக்கு ஷாக் பயன்படாது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் அதற்கு வேலை. நேர்கோடு என்றால் அழுத்துவதைத் தொடருங்கள், அட்ரினலின் கொடுங்கள்.

பிறகு ஸ்ட்ரெச்சர். மருத்துவத்தில் இல்லாத ஆபத்தெல்லாம் இதில் உண்டு. நோயாளியின் உருவம் ஸ்ட்ரெச்சரோடு ஒட்டப்பட்டிருக்கும், ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கணினி. இணையம் இழுத்தால் உங்கள் திரையில் அவர் படுத்திருப்பார், அவர் திரையில் ரோட்டில் கிடப்பார். அவரை இறக்காமல் ஸ்ட்ரெச்சரை மட்டும் அழித்தாலோ, ஆம்புலன்ஸைக் கராஜில் விட்டாலோ, அவர் தரைக்கு அடியில் நீல வெறுமையில் விழுந்துகொண்டே இருப்பார், மைக்கில் திட்டுவது மட்டும் கேட்கும். முதலில் ஆளை இறக்கு, பிறகு ஸ்ட்ரெச்சர், கடைசியில் வண்டி. சிலியாட் மலையில் விழுந்தவரை எடுக்க ஹெலிகாப்டரில் போனால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: விசிறி நிற்கும் வரை நண்பர்களைக் கிட்டே விடாதீர்கள். நலம் விசாரிக்க ஓடிவந்து வெட்டுப்பட்டால் சிலியாட்டிலிருந்து திரும்ப இரண்டு படுக்கை தேவைப்படும்.

எழுந்தவுடன் முதல் கேள்வி: "என்னைச் சுட்டது யாரு டாக்டர்?" பல சர்வர்களில் புது வாழ்வு விதி உண்டு: ஆஸ்பத்திரியில் மறுபடி எழுந்தவருக்குச் சாவுக்கு முன் நடந்தது நினைவில் இருக்கக் கூடாது. ஆனால் டிஸ்கார்டில் நண்பன் ஏற்கனவே சொல்லிவிட்டிருப்பான், ஆட்டத்துக்கு வெளியே கேட்டதை உள்ளே பயன்படுத்தினால் அது மெட்டாகேமிங். உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். போலீஸ் வந்து கேட்டால் காயம் என்ன என்று சொல்லலாம், யார் சுட்டார் என்று நோயாளி உளறியதைச் சொல்வதா என்பதை உங்கள் ஆஸ்பத்திரி விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஆஃப் டியூட்டி. க்யூபிகோரில் பணியில் இரண்டு டாக்டருக்குக் குறைவாக இருந்தால்தான் வரவேற்பு மேசையின் தானியங்கி சிகிச்சை வேலை செய்யும். பெயர் பதிந்து படுத்தால் 20 நொடியில் ஆள் தயார். நீங்கள் தனியாளாக, நாடி பார்த்து, சட்டையைக் கத்தரித்து, நான்கு வரி /மீ போட்டு முடிப்பதற்குள் நோயாளி நைசாக நழுவி அந்த மேசைக்குப் போய்விடுவார். இரண்டு பேர் ஆனதும் மேசை மூடிக்கொள்ளும். அப்போது ஒரு டாக்டர் பணியில் இருந்தபடியே தோசை சாப்பிட எழுந்துபோனால், கணக்கில் இரண்டு பேர், ஆஸ்பத்திரியில் ஒரு ஆள், வாசலில் ஏழு பேர் தவழ்ந்துகொண்டிருப்பார்கள். தட்டைக் கையில் எடுப்பதற்கு முன் டியூட்டியை அணைத்துவிடுங்கள். சட்னி காத்திருக்கும், அந்த ஏழு பேரும் அட்மினிடம் புகார் டிக்கெட் போட்டுவிடுவார்கள்.