சியான் மதில் மேல ஒரு நோட்டுப் புத்தகம்

சம்மர் கோர்ஸ்ல பயணக் கட்டுரை எழுதக் கத்துக்கறோம், சீனாவுல பெய்ஜிங் முடிஞ்சு இப்ப சியான் நகரம். மிங் அரச வம்சத்து காலத்து நகர மதில், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் சுத்து, அது மேலயே வாடகை சைக்கிள்ல சுத்தி வந்து மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன், "அழகு", "பிரம்மாண்டம்"னு வந்த இடமெல்லாம் மேடம் அடிச்சுட்டாங்க, கண்ணால பாத்தத மட்டும் எழுதுன்னாங்க. சரிதான்!

சாயங்காலம் முஸ்லிம் தெருவுல ஒரு கடையில உக்காந்தேன். யாங்ரோ பாவ்மோ. கெட்டி ரொட்டிய நாமளே பொடிசா பிச்சு கிண்ணத்துல போட்டுக் குடுக்கணும், அப்புறந்தான் ஆட்டுக்கறி சூப்போட வரும். பக்கத்து டேபிள் தாத்தா நான் பிச்ச துண்டு பெருசுன்னு சைகை காட்டி, தானே பிச்சுக் காட்டினாரு. அந்த விரல்களப் பத்தி மட்டும் இன்னிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். அடுத்து செங்டு, அங்க டீக்கடைங்க.