விஸ்கான்சினில் என் முதல் மான் வேட்டை

அமெரிக்காவில் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை. விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே டாட்ஜ்வில் பக்கம் ஒரு பண்ணை ஓரமாகக் காரை நிறுத்தினோம். மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து மேற்கே ஒரு மணி நேர ஓட்டம். ஒன்பது நாள் துப்பாக்கி சீசனின் முதல் நாள் என்பதால் வழியில் பெட்ரோல் பங்குகளிலெல்லாம் ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் காபியோடு நின்றிருந்தார்கள். வேட்டைக்குப் போகிறவர் உடுப்பில் இடுப்புக்கு மேல் பாதியாவது பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

கூட வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்கள் அனுபவசாலி ஒருவரின் கையெட்டும் தூரத்திலேயே இருந்து வேட்டையாடலாம். நான் அப்படித்தான் போனேன். தோளில் அதிகம் உதைக்காத .243 ரைஃபிளில் கோடை முழுக்க நூறு கெஜத்தில் சுட்டுப் பழகியிருந்தேன்.

இறங்கியதும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து அழுத்தினார். டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைப் பொடி மெல்ல மிதந்து, மான்கள் வரும் ஓக் தோப்பு பக்கமே போனது. "நம்ம வாடை முன்னாடி போயிடும்" என்றார். ஒரு வாரம் முன்பே பார்த்துவைத்த இடத்தை விட்டுவிட்டு, கால் மணி நேரம் சுற்றி நடந்து எதிர்ப்பக்க மரத்துக்குப் போனோம். ஏணி வைத்த இரட்டை இருக்கை அது. ஏறும் முன்பே சேஃப்டி பெல்ட்டை மாட்டச் சொன்னார். தோட்டா நிரப்பாத ரைஃபிளைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டோம்.

எட்டு மணிக்கு ஒரு பெண்மான் வந்தது. மூச்சு ஆவியாகப் போவது தெரியும் அளவுக்குப் பக்கம். ஆனால் நேராக எங்களைப் பார்த்து நின்றது. அவர் கை என் தோளில் அழுந்தியது. வேண்டாம். பக்கவாட்டில் நின்றால்தான் முன்காலுக்குச் சற்றுப் பின்னே நுரையீரலில் படும். இல்லாவிட்டால் குடலில் பட்டு, மான் நாள் முழுக்க வதைபடும். அது போய்விட்டது. எனக்கு வருத்தமே இல்லை. அந்த அழுத்தத்தைத்தான் நான் கற்றுக்கொள்ள வந்திருந்தேன்.

மறுநாள் காலை இன்னொரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. எங்களிடம் பெண்மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டும் இருந்தது. சுட்டேன். துள்ளி ஓடி மறைந்தது. உடனே இறங்கக் கூடாது. அரை மணி நேரம் காத்திருந்தோம். காய்ந்த ஓக் இலை ஒன்றில் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தது. நுரையீரல்தான் என்றார். அறுபதடி தள்ளிப் படுத்திருந்தது. கழுத்தில் கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது. கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

அப்புறம் வேலைதான். குடலில் கத்தி படாமல் வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அன்று மாலையே சுட்ட மானை ஆன்லைனில் பதிவு செய்தோம். மறுநாள் மாலை 5 மணிதான் கெடு. இந்தப் பகுதி மான்களிடம் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் 2002-லேயே கண்டறியப்பட்டதால், தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, கறியை ஃப்ரீசரில் வைத்தேன்.

நோய் இல்லை என்று முடிவு வந்த அன்றுதான் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். கொழுப்பே இல்லாத கறி. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, சிறு தீயில் நெடுநேரம் வேகவைத்து, ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.