₹60 லட்சம் ஃபிளாட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

சென்னையில் ஃபிளாட் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது மாதத் தவணையைத்தான். ஆனால் விலை ஏற ஏறக் கதவு அடைபடுவது முன்பணத்தில்.

கட்டுமானத்தில் இருக்கும் ₹60 லட்சம் ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, ₹30 லட்சத்துக்கு மேல் ₹75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, கடன் ₹48 லட்சம், கைக்காசு ₹12 லட்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம், ₹3 லட்சம். பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கும் ஃபிளாட்டைத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் நிலப் பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ₹50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் ₹3 கோடி வரை 7 சதவீதம். இங்கே ₹4.2 லட்சம். இந்தப் பதிவுச் செலவைச் சொத்து மதிப்போடு சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதி இல்லை. மொத்தம் ₹19.2 லட்சம் கையில் வேண்டும். கார் பார்க்கிங், மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம், வங்கியின் கட்டணங்கள் எல்லாம் இதற்கு மேல்.

அதே ஃபிளாட் ஒரு வருடத்தில் 10 சதவீதம் ஏறினால் தேவைப்படும் கைக்காசு ₹21.12 லட்சம். மாதம் ₹15,000 சேர்க்கிற குடும்பம் அந்த வருடத்தில் சேர்த்தது ₹1.8 லட்சம், இலக்கு தள்ளிப்போனதோ ₹1.92 லட்சம். சிக்கனம் போதாமல் இல்லை, ஓட்டமே சமமாக இல்லை.

தவணையும் லேசானதல்ல. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு ₹868 வீதம் மாதம் ஏறக்குறைய ₹41,660. கட்டி முடிக்கும்போது ₹48 லட்சம் கடனுக்கு ₹1 கோடி போயிருக்கும். 30 வருடமாக நீட்டினால் தவணை ₹36,900 ஆகக் குறையும், மொத்தம் ₹1.33 கோடியைத் தொடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் நீட்டுங்கள்.

கட்டிமுடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் அப்படியொன்று ₹62 லட்சத்துக்குக் கிடைத்தாலும் பதிவோடு ₹66.34 லட்சம்தான், மேலே சொன்னதோ ₹67.2 லட்சம். வாடகையையும் கட்டுமானக் கால வட்டியையும் ஒன்றாகச் சுமக்கிற கஷ்டமும் இல்லை. பலர் இந்தக் கணக்கைப் போடாமலே சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டுவிடுகிறார்கள். அந்தச் சதுர அடியிலும் கவனம் வேண்டும்: விளம்பரத்தில் 1,000 என்றால் பொதுவழி, லிஃப்ட், படிக்கட்டுப் பங்கெல்லாம் சேர்ந்த கணக்கு. வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு, அதாவது கார்பெட் ஏரியா, 720 தான் என்றால் உண்மை விலை சதுர அடிக்கு ₹6,000 அல்ல, ₹8,333.

பழைய வீடு வாங்கும்போது வருவது வேறு கண்ணி. ₹60 லட்சம் பேசிவிட்டு, "பத்திரத்தில் 45 போட்டுக்கலாம், மீதியை ரொக்கமா கொடுங்க" என்பார்கள். வங்கி 45-க்குத்தான் கடன் தரும்: ₹36 லட்சம். கைக்காசு ₹24 லட்சமாகிவிடும். ரொக்கமாகக் கொடுத்த ₹15 லட்சத்துக்கு ரசீதும் இருக்காது. பேரம் முறிந்தால் கேட்டு வாங்க வழியும் இருக்காது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

புது ஃபிளாட்டில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பில்டருக்கு அனுமதி தரவில்லை. "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்று 20 சதவீதம் கேட்டாலும் ஒப்பந்தம் பதியும் வரை 10-க்கு மேல் தராதீர்கள்.