பைப் நல்லாத்தான் இருந்துச்சு, வயரிங் தான் கோளாறு

ஆறு வருஷமா எனக்கு இருந்தது "டென்ஷன்". பார்த்த டாக்டர்ங்க எல்லாம் அப்படித்தான் சொன்னாங்க. கீழ விழுந்த கரண்டிய எடுக்க குனிஞ்சு நிமிர்வேன், நெஞ்சுக்குள்ள யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி டபடபடபனு ஓட ஆரம்பிக்கும், பத்து நிமிஷமோ அரை மணி நேரமோ ஓடிட்டு டக்குனு நின்னுரும். நான் ஆஸ்பத்திரி வாசல மிதிக்கறதுக்குள்ள நின்னுரும், பிரச்சனையே அதான். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல், "வீட்ல ஏதும் சண்டையாம்மா?"ன்னு கேட்டு தூங்கறதுக்கு மாத்திரை எழுதி குடுத்தாங்க.

ரெண்டு விஷயத்த மட்டும் வெளிய சொல்ல கூச்சப்பட்டு விட்டுட்டேன். ஓடும்போது கண்ணாடில பார்த்தா கழுத்து தவளைக்கு துடிக்கிற மாதிரி துடிக்கும். நின்னப்புறம் ஒரு மணி நேரத்துக்கு பாத்ரூமுக்கு நடையா நடப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் நிக்கவே இல்ல. முக்கா மணி நேரமாச்சு, கண்ணு இருட்டிட்டு வருது, வீட்டுக்காரர் பைக்ல உக்கார வச்சு கொண்டு போனார். மானிட்டர்ல நிமிஷத்துக்கு 190 துடிப்பு. டூட்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஒரு காலி சிரிஞ்ச கைல குடுத்து உள்ள இருக்கற தண்டு நகர்ற அளவுக்கு ஊதுங்கன்னாங்க, 15 செகண்ட் ஊதினதும் சடார்னு படுக்க வச்சு ரெண்டு காலையும் தூக்கி பிடிச்சாங்க. நிறைய பேருக்கு இதுலயே நின்னுருமாம், எனக்கு நிக்கல. அப்புறம் முழங்கை மடிப்பு நரம்புல அடினோசின்னு ஒரு மருந்து. இத மெதுவா போட்டா பிரயோஜனம் இல்ல, ரத்தத்துல கலந்த சில செகண்ட்லயே அழிஞ்சிரும், அதனால மருந்த தள்ளி பின்னாலயே சலைன தள்ளி ஓடோட இதயத்துக்கு அனுப்பணும். "ஒரு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க"ன்னாங்க. ஒரு மாதிரியா! நெஞ்சு மேல அம்மிக்கல்ல வச்ச மாதிரி, அவ்வளவு தான் கதை முடிஞ்சுதுன்னே நெனச்சேன், மானிட்டர்ல ரெண்டு மூணு செகண்ட் வெறும் கோடு, அப்புறம் 90ல அழகா துடிக்குது. முதல் தடவையா நான் பொய் சொல்லலங்கறதுக்கு பேப்பர்ல சாட்சி.

அந்த பேப்பர எடுத்துட்டு இதயத்தோட கரண்ட் வேலை மட்டும் பார்க்கற டாக்டர்கிட்ட போனோம். அவர் தான் படம் போட்டு காட்டினார். வலது மேல் அறைல ஒரு இடத்துல கரண்ட் பொறக்குது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல கரண்ட் போகாத ஒரு தடுப்பு, அதுல ஒரே ஒரு கேட், ஏவி நோடு. அங்க கரண்ட் கொஞ்சம், செகண்ட்ல பத்துல ஒரு பங்கு நின்னு தான் போகும், அந்த இடைவெளில மேல் அறை தன் ரத்தத்த கீழ எறக்கிரும். எனக்கு அந்த கேட் பக்கத்துல ரெண்டு பாதை, ஒண்ணு வேகம் ஒண்ணு மெதுவு, கரண்ட் இதுல எறங்கி அதுல ஏறி சுத்திக்கிட்டே இருக்கு. ஏவிஎன்ஆர்டின்னு பேர். மேலயும் கீழயும் ஒரே நேரத்துல சுருங்கறதால வால்வு மூடியிருக்கு, மேல் அறை ரத்தத்துக்கு போக வழியில்ல, திரும்பி கழுத்து நரம்புக்கு ஏறுது. அதான் தவளை! மேல் அறை விரிஞ்சதும் உடம்புல தண்ணி ஜாஸ்தியாயிருச்சுன்னு கிட்னிக்கு ஹார்மோன் மூலமா தகவல் போயிருது, அதான் பாத்ரூம். மயக்கம் ஏன்னா 190ல கீழ் அறை ரொம்பறதுக்கே நேரமில்ல, வேகமா அடிச்சாலும் ஒவ்வொரு அடிக்கும் வெளிய போற ரத்தம் கொஞ்சம் தான். ஆறு வருஷ டென்ஷன் அஞ்சு நிமிஷத்துல வெளங்கிருச்சு.

சொந்தக்காரங்களுக்கு தான் வெளங்கல. "எத்தன அடைப்பு?"ன்னு தான் முதல் கேள்வி. சித்தி பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் போட்டு காச்சி ஒரு பாட்டில் குடுத்து விட்டாங்க. குழாய்ல ஒண்ணுமில்ல சித்தி வயர்ல தான்னு சொன்னா, ரெண்டும் இதயம் தானேங்கறாங்க.

அப்லேஷனுக்கு, அதாவது அந்த மெதுவு பாதைல சூடு வச்சு அத அடைக்கறதுக்கு, தேதி குடுத்தாங்க. கேட்டுக்கு பக்கத்துலயே சூடு வைக்கறதால நூத்துல ஒருத்தருக்கு கேட்டே பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம்னு சொல்லி கையெழுத்து வாங்கினாங்க, அன்னைக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் வலது தொடை இடுக்குல மரத்து போக ஊசி, அந்த சிரை வழியா ஒயர் மேல ஏறி நேரா வலது மேல் அறைக்கு போயிரும், எனக்கு போறது கூட தெரியல. முழிச்சு தான் இருந்தேன். கொடுமை என்னன்னா அந்த படபடப்ப அவங்களே வேணும்னு வரவழைப்பாங்க, ஆறு வருஷமா பயந்தத ஒருத்தர் பட்டன் அமுக்கி கொண்டு வர்றார், இன்னொரு பட்டன்ல நிறுத்தறார். மெதுவு பாதைல சூடு வச்சப்ப நெஞ்சுல லேசா காந்தல். அரை மணி நேரம் காத்திருந்து திரும்ப கிளப்பி பார்த்தாங்க, வரல. ஆறு மணி நேரம் கால மடக்காம படுத்து கெடந்தது தான் இருந்ததுலயே கஷ்டம்.

வீட்ல கெடந்தப்ப படிச்சேன், அந்த ஏவி நோட 1906ல ஜெர்மனில இருந்துக்கிட்டு விளக்கி எழுதினவர் தவாரான்னு ஒரு ஜப்பான்காரர். கரண்ட் பொறக்கற இடம் கிட்டத்தட்ட அதே சமயத்துல இங்கிலாந்துல ஒரு மருத்துவ மாணவர் கண்ணுல பட்டுச்சு, அதுவும் மண்ணுக்குள்ள குழி தோண்டற மோல்னு ஒரு சின்ன பிராணியோட இதயத்துல.

ஒரு மாசம் வரைக்கும் அப்பப்ப ஒரு துடிப்பு தடுக்கி விழும், திரும்பவும் வருதோன்னு உயிர் போயிரும், வரல. இப்படி வந்து போற படபடப்பு இருக்கறவங்க ஓடும்போதே பக்கத்துல எந்த கிளினிக்னாலும் நுழைஞ்சு ஈசிஜி எடுத்துருங்க, எடுத்தத உடனே ஜெராக்ஸ் போடுங்க. அந்த பேப்பர் வெளுத்துரும், என்னோடது இப்பவே பாதி கோடு தான் தெரியுது.